அறுபத்தாறு அடி ஒத்திகை

அந்தச் சாலையின் அகலம் இருபத்திரண்டு அடி. மயிலாப்பூரில் ஆரம்பித்து அடையாற்றுப் பாலம் வரைக்கும் இருபத்திரண்டு அடிதான். அதில் பஸ், மோட்டார், ஜட்கா, மாட்டுவண்டி, கைரிக்ஷா, தலையில் கூடை சுமந்தவர்கள், தோளில் பாடை சுமந்தவர்கள் எல்லோரும் காலை எட்டு மணிக்கு ஒரே சமயத்தில் போக விரும்பினார்கள். பாடை மெதுவாகப் போகிறது என்று பஸ்காரர் ஹாரன் அடிப்பார். பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு பஸ்ஸின் கண்ணாடியை உடைப்பார்கள். ஒரே வருஷத்தில் ஆறு கண்ணாடியும் மூன்று மண்டையும் உடைந்த பிறகு, சாலையை அறுபத்தாறு அடியாக அகலப்படுத்துவதற்கு ஒரு கமிட்டி ஏற்பட்டது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம்.

கமிட்டியின் தலைவர் ராவ் பகதூர் திருவம்பல முதலியார். சாலை மிகவும் நெருங்கி வளைகிற இடத்தில், கிழக்குப் பக்கத்தில் அவருடைய பங்களா இருந்தது. அதன் மதில் பத்தடி உயரம், இரண்டடி கனம். சாலையை ஒரு விரற்கடை அகலப்படுத்த வேண்டுமென்றாலும் முதலில் இடிக்க வேண்டியது அந்த மதிலைத்தான். ஆகவே கமிட்டி நான்கு வருஷம் கூடிக் கூடிக் கலைந்தது.

முதலியார் நாடகப் பிரியர். மயிலாப்பூரில் ஒரு நாடக சபாவுக்கும் அவரே தலைவர். அந்தச் சபாவில் ஒத்திகைக்குத் திரைச்சீலை கிடையாது. தரையில் சாக்குக்கட்டியால் கோடுகள் கிழித்து, இது அரண்மனை, இது அந்தப்புரம், இது வனம் என்று சொல்லிவிடுவார்கள். நடிகர்கள் கோடுகளுக்கு மரியாதை கொடுத்து நடப்பார்கள். ஒரு முறை, தோழி வேஷம் போட்ட வக்கீல் குமாஸ்தா ஒருவர் வாசல் இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டிவிட்டார். அவர் சுவரில் முட்டிக்கொண்டதாகப் பாவித்து, நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் மேலே நடிக்க வேண்டும் என்று முதலியார் தீர்ப்புச் சொன்னார். குமாஸ்தா கட்டுப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் வருஷத்துக் கூட்டத்தில் முதலியார் எழுந்து பேசினார்.

"கனவான்களே! சாலையை அகலப்படுத்துவது சுலபம். கடப்பாரை வைத்திருக்கும் எவனும் செய்துவிடுவான். ஆனால் அகலமான சாலையில் போக நம் ஜனங்களுக்குத் தெரியுமா? அறுபத்தாறு அடியைத் திடீரென்று கையில் கொடுத்தால் அதையும் இருபத்திரண்டு அடியாக்கிவிடுவார்கள். முதலில் ஒத்திகை வேண்டும். சாலை அகலமாகிவிட்டதாகப் பாவித்து ஜனங்கள் போய் வரட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிசகில்லாமல் ஒத்திகை நடந்துவிட்டால் மறுநாள் நிஜ வேலை ஆரம்பம். நான் என் சொந்த மதிலைக் காப்பாற்றுகிறேன் என்று சிலர் பேசுகிறார்கள். இந்த நிமிஷம் முதல் அந்த மதில் இல்லை! பாவனையில் நானே அதை இடித்துவிட்டேன்! என் பாட்டனார் கட்டிய மதில்!"

அங்கத்தினர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கமிட்டியின் சூப்பர்வைசர் பஞ்சாட்சரம் சுண்ணாம்பு வாளியும் ஆட்களுமாக வந்து சேர்ந்தார். இப்போது இருக்கும் இருபத்திரண்டு அடி மோட்டாருக்கும் பஸ்ஸுக்கும். அதற்கு இரண்டு பக்கமும் பதினோரு அடி, ஜட்காவுக்கும் மற்ற வண்டிகளுக்கும். அதற்கும் அப்பால் பதினோரு அடி, நடக்கிறவர்களுக்கு. மற்ற இடங்களில் கோடுகள் புளியமரங்களுக்கும் சாக்கடைக்கும் நடுவே எப்படியோ நெளிந்து போயின. முதலியார் வளைவில் நெளிய இடமில்லை. ஜட்காக் கோடு நேரே போய் மதிலடியில் முட்டியது. பஞ்சாட்சரம் ஏணி கொண்டுவரச் சொல்லி, கோட்டை அப்படியே மதிலின் மேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி, ரோஜாப் பாத்திகளின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனார். நடக்கிறவர்களின் கோடு பங்களாவின் சமையற்கட்டு வழியாகப் போயிற்று.

விதிகள் இரண்டுதான். ஒருவர் தடத்தில் மற்றவர் போகக் கூடாது. ஓடுகிற தடத்தில் யாரும் நிற்கக் கூடாது. விதிகளை விளக்குவதற்காகப் போலீஸ்காரர்களுக்குப் புதிய லத்திகள் வழங்கப்பட்டன.

லஸ் ஸ்டாண்டில் இருநூற்றுப் பதினேழாம் நம்பர் ஜட்கா வலியுல்லாவுடையது. குதிரையின் பெயர் மோத்தி. வெள்ளைக் குதிரை, ஒன்பது வயது. சும்மா நிற்க நேர்ந்தால் முன்காலால் தரையை இரண்டு முறை கீறிவிட்டு, ஏதோ கேட்டவன் போல வலியுல்லாவைத் திரும்பிப் பார்க்கும். வலியுல்லாவின் மனைவி ஜைதூன் பீ மோத்திக்கு ஊறவைத்த கொள்ளிலிருந்து தானும் ஒரு பிடி எடுத்துத் தின்பாள். அந்த வீட்டில் மூன்று உயிர்களும் ஒரு பானையில் சாப்பிட்டன என்றே சொல்லலாம்.

ஒத்திகையின் முதல் நாள் வலியுல்லா தன் தடத்தில் ஒழுங்காகத்தான் போனான். மதில் வந்ததும் லகானை இழுத்துப் பிடித்தான். வளைவில் கான்ஸ்டபிள் கங்காதரன் நின்றிருந்தான்.

"ஏன்டா நிறுத்திக்கினே?"

"மதிலு கீது ஏட்டய்யா."

"எங்கடா கீது?"

"தோ, எதுர்லயே."

லத்தி வலியுல்லாவின் தோளில் இறங்கியது. "இப்ப கீதா?"

"கீதுங்க."

லத்தி மறுபடியும், இந்தத் தடவை முழங்கையில். "இப்ப?"

வலியுல்லா மதிலைப் பார்த்தான். அது அசையவில்லை. "இல்லீங்க ஏட்டய்யா."

"இல்லேன்னா போயேன்டா, சோமாரி!"

வலியுல்லா வேறு வழியில்லாமல் நடுச்சாலைக்குத் திருப்பினான். அங்கே மோட்டார்த் தடத்தில் நுழைந்த குற்றத்துக்காக வேறொரு கான்ஸ்டபிள் அவன் முதுகில் நான்கு அடி கொடுத்தான். பஸ் கண்டக்டர் ஒருவன், தனக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும், பொதுநலம் கருதி ஒன்று கொடுத்தான். அன்று முதல் தினமும் வளைவுக்கு இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி என்று கணக்காயிற்று. ஒரு மாதத்தில் அந்த ஸ்டாண்டிலிருந்த ஜட்காக்காரர்களில் பாதிப்பேர் கை முறிந்து வீட்டில் கிடந்தார்கள். நெரிசல் குறைந்திருப்பதாகக் கமிட்டி பதிவு செய்தது.

சாந்தோம் குப்பத்திலிருந்து அடையாற்றுப் பங்களாக்களுக்கு மீன் சுமக்கும் லூர்துமேரியின் பாடு வேறு மாதிரி. அவள் கூடையோடு மதிலேறிக் குதித்து, ரோஜாத் தோட்டத்து நாயிடம் கடிபட்டு, சுத்த சைவமான அந்தச் சமையற்கட்டுக்குள் நுழைந்து, பின்கட்டு வழியாக வெளியேற வேண்டும். நுழையாவிட்டால் கங்காதரன் அடிப்பான். நுழைந்தால் சமையற்காரர் அடிப்பார். மூன்றாம் நாள் சமையற்காரர் கொதிக்கிற கஞ்சியைத் தூக்கி அவள் கையில் ஊற்றினார். அவள் கூடையிலிருந்து ஒரு திருக்கைவாலை உருவி, அவர் முகத்தில் குறுக்காக ஒன்று விளாசினாள். அந்த வாலில் முள் உண்டு.

"பாய், உனுக்கு மதிலு. எனுக்கு அடுப்பங்கரை" என்றாள் வலியுல்லாவிடம், வெந்த கையில் வாழைச்சாறு தடவிக்கொண்டே. "அந்த ஆளுக்கு ஒரு கண்ணு போச்சாம். கண்ணு கீறதா பாவிச்சிக்கினு சமைக்கச் சொல்லிட்டாங்களாம்."

"நீ எப்டிக்கா தெனம் ஏறிக் குதிக்கிறே?"

"நீயும் குதியேன். குதுரைய ஒரு கைல தூக்கிக்கினு."

மோத்தி முன்காலால் தரையை இரண்டு முறை கீறியது.

ஆறாம் வாரத்தில், ஒத்திகையைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஒரு துரை வருவதாகச் செய்தி வந்தது. வளைவில் நாற்காலிகள் போட்டு, பன்னீர் தெளித்தார்கள். எந்த வண்டியும் ஒரு கணமும் நிற்கக் கூடாது என்று கங்காதரனுக்குக் கண்டிப்பான உத்தரவு. முதலியார் துரையின் பக்கத்தில் உட்கார்ந்து, மதில் இருந்த திசையைக் கையால் காட்டி, "அந்த விசாலத்தைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துரை மதிலைப் பார்த்தார். பிறகு, மிகவும் காற்றோட்டமாக இருப்பதாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் வலியுல்லாவின் ஜட்கா வந்தது. அதில் சவாரி இல்லை. மோத்தி வழக்கம்போல மதிலுக்கு இருபது அடி முன்னால் நின்றுவிட்டது. கங்காதரன் ஓடி வந்தான். வலியுல்லாவை அடிக்க நேரமில்லை. அவன் லத்தியை இரண்டு கையாலும் பிடித்து மோத்தியின் பின்தொடையில், எலும்பு தெரிகிற இடத்தில், மூன்று முறை அறைந்தான். பிறந்தது முதல் சவுக்கின் நுனிகூட அழுத்திப் பட்டறியாத குதிரை அது. ஒரு சத்தம் போட்டது. பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு நேரே ஓடியது.

மதில் பாவனையில் மட்டும்தான் இடிந்திருந்தது.

வலியுல்லா தூக்கியெறியப்பட்டு, முகம் கல்லில் மோதி, முன்பற்கள் இரண்டும் போயின. மோத்தியின் கழுத்து மடங்கிவிட்டது. நெற்றி பிளந்து, ரத்தம் மதிலின் மேல் ஏறிப்போன சுண்ணாம்புக் கோட்டில் ஆளுயரத்துக்குத் தெறித்திருந்தது. உயிர் போக ஒரு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அது ஒரு முன்காலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. லூர்துமேரி மதிலிலிருந்து இறங்கி வந்து தன் முந்தானையால் அதன் கண்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். வலியுல்லா வாயில் ரத்தத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கங்காதரனின் டைரியில் அன்று எழுதப்பட்டது இவ்வளவுதான்: 'இருநூற்றுப் பதினேழாம் நம்பர் ஜட்கா காரணமின்றி ஒரு மணி நேரம் தடத்தில் நின்றது.'

ஜைதூன் பீயின் அண்ணன் ஆற்காட்டிலிருந்து ஒரு மட்டக்குதிரையை அனுப்பத் தயாராக இருந்தான். ஆனால் ஒரு நம்பருக்கு ஒரு குதிரைதான். பழைய குதிரை செத்ததாகக் கமிட்டி எழுதிக் கொடுத்தால்தான் அந்த நம்பரில் புதுக் குதிரையைப் பூட்டலாம். வலியுல்லா பஞ்சாட்சரத்திடம் போய் நின்றான்.

"மோத்தி செத்துப்போச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்."

"எப்படிச் செத்தது?"

"மதில்ல மோதி."

"எந்த மதிலில்?"

வலியுல்லா வாயைத் திறந்து, முழங்கையைத் தடவிப் பார்த்து, மூடிக்கொண்டான்.

"இதோ பாரப்பா" என்றார் பஞ்சாட்சரம். அவர் கெட்டவர் அல்ல. வீட்டில் ஒரு பூனைகூட வளர்த்தார். "இல்லாத மதிலில் குதிரை எப்படி மோதும்? மோதாத குதிரை எப்படிச் சாகும்?"

"அப்ப என் மோத்தி எங்க சார்?"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம். வருகிற திங்கட்கிழமை வருஷச் சோதனை. குதிரையும் வண்டியும் வந்தாக வேண்டும். வராவிட்டால் லைசென்ஸ் ரத்து."

திங்கட்கிழமை காலையில் ஜைதூன் பீ, மோத்தியின் லாடங்களில் இரண்டை எடுத்து வலியுல்லாவின் செருப்புகளின் அடியில் கம்பியால் இறுக்கிக் கட்டினாள். "போய்க்கினு வா" என்றாள். வலியுல்லா வண்டியின் முன்கட்டைகளுக்கு நடுவே நுழைந்து, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சோதனை மைதானத்துக்கு இழுத்துப் போனான்.

மிருக வைத்தியர் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, நம்பரைப் பார்த்தார், லெட்ஜரைப் பார்த்தார், வலியுல்லாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார். தொடையைக் கிள்ளினார். காலைத் தூக்கி லாடத்தைத் தட்டினார்.

"மோத்தி. வயது ஒன்பது. நிறம் கறுத்திருக்கிறது, வெயில் காரணமாக இருக்கலாம். முன்பல் இரண்டு இல்லை. முதுகில் பழைய காயங்கள். வேலைக்குத் தகுதி" என்று எழுதி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். வண்டியோட்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. அது அவர் இலாகா அல்ல.

அதற்குப் பிறகு வலியுல்லா சவாரி இழுத்தான். ஏறுகிறவர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு, மற்ற குதிரைகளைவிட இது சொன்னால் புரிந்துகொள்கிறது என்று பாராட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் பாதி வழியில் இறங்கி, பக்கத்தில் நடந்து வந்தார். நடக்கிறவர்களின் தடத்தில் நடக்கவில்லை என்று அவருடைய முழங்காலை உடைத்தார்கள்.

ஒரு நாள் முதலியாருடைய மோட்டார் வளைவுக்கு இரண்டு பர்லாங்குக்கு முன்னால் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ், அதன் முன்னால் ஒரு பாடை, இரு தரப்பாரும் கல்லோடு இறங்கியிருந்தார்கள். ஒத்திகை பூர்த்தியாகிவிட்டதாக அறிவிக்கும் கூட்டம் அன்று பத்து மணிக்கு முதலியார் வீட்டில். பிரசங்கம் அவர் கையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கூடவே இரண்டு பத்திரிகை நிருபர்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, நின்றுகொண்டிருந்த ஒரே ஜட்காவில் ஏறிக்கொண்டார். நிருபர்கள் பென்சிலும் கையுமாகப் பக்கத்தில் ஓடி வரத் தயாரானார்கள்.

வலியுல்லா திரும்பிப் பார்த்தான்.

"எசமான், தடத்துல போவட்டா, நடுரோட்டுல போவட்டா?"

முதலியார் நிருபர்களைப் பார்த்தார். நிருபர்கள் அவரைப் பார்த்தார்கள். தூரத்தில் பஸ்ஸின் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

"தடத்தில்தான்!" என்றார் முதலியார் உரத்த குரலில். "சட்டம் எனக்கும் உண்டு. எழுதிக்கொள்ளுங்கள்."

"மதிலு…"

"எந்த மதில்?" முதலியார் நிருபர்களைப் பார்த்துச் சிரித்தார். வளைவுக்கு முன்னால் வலப்பக்கம் திருப்பி நடுச்சாலைக்குப் போய்விடுவான், எல்லோரும் அப்படித்தான் அடிபட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"இல்லீங்க எசமான்" என்றான் வலியுல்லா.

வளைவை நோக்கிச் சாலை சரிவாக இறங்கும். வண்டி பின்னாலிருந்து தள்ளத் தொடங்கியது. வலியுல்லாவின் லாடங்கள் கல்லில் பொறி பறக்க ஓடின. மதிலடியில் ரத்தக்கறை இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் கால்கள் தாமாகத் தயங்கின. கூண்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கங்காதரனுக்குத் தெரியாது. அவன் தன் கடமையைச் செய்தான். லத்தி வலியுல்லாவின் தொடையில், மோத்திக்கு விழுந்த அதே இடத்தில் விழுந்தது.

"நிக்காதே! போ! ஹை!"

வலியுல்லா தலையை நிமிர்த்திக்கொண்டு நேரே ஓடினான்.

"நிறுத்துடா!" என்று முதலியார் கூவினார். "மதில்! மதில் இருக்குடா! டேய், மதில் இருக்கு!"

இதை இரண்டு நிருபர்களும், மதிலின் மேல் கூடையோடு உட்கார்ந்திருந்த லூர்துமேரியும் தெளிவாகக் கேட்டார்கள். வலியுல்லாவும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் குதிரைகள் பதில் சொல்வதில்லை.

கடைசி அடியில் அவன் வாரை உதறிவிட்டுக் குப்புற விழுந்தான். முன்கட்டைகள் தரையில் குத்தின. வண்டி அவன்மேல் தலைகீழாகப் புரண்டது. ராவ் பகதூர் பிரசங்கத்தோடு பறந்து போய், தமது பாட்டனார் கட்டிய மதிலில் நெற்றியால் மோதினார். அந்தக் காலத்துக் கட்டடம். ஒரு காரைகூடப் பெயரவில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் நடந்தது. பஞ்சாட்சரம் நிலைமையை விளக்கினார். மதில் இல்லை என்பது தீர்மானம். இல்லாத மதிலில் தலைவர் மோத முடியாது. ஆகவே தலைவர் சௌக்கியமாக இருக்கிறார். அவர் கடைசியாகக் கூவியது ஒத்திகை வசனமாகக் கருதப்பட்டது. வெற்று நாற்காலிக்கு மாலை போட்டு, ரத்தம் தோய்ந்த பிரசங்கத்தைக் காரியதரிசி படித்தார்: "ஒரு துளி ரத்தமும் சிந்தாமல் நாம் சாதித்த இந்த விசாலம்…" எல்லோரும் கைதட்டினார்கள். உடலை வீட்டார் எரிப்பது அவர்களுடைய சொந்த விவகாரம் என்று குறிப்பு எழுதப்பட்டது. ஒரு வண்டி தடத்தில் கவிழ்ந்து கிடந்தபடியால் ஒத்திகை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது.

மறுநாள் பஞ்சாட்சரம் வலியுல்லாவைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையின் மேல் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"இது, மதில் இருக்கிறது என்று. நீ இதில் கைநாட்டு வைத்தால் உன் குதிரை செத்ததாக இன்றைக்கே எழுதித் தருகிறேன். ஆற்காட்டுக் குதிரையைப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் மதில் இருந்தால் தலைவரும் செத்தவராகிவிடுவார். கொண்டுபோய் மோதினது நீ. தூக்குத்தான்."

"அது?"

"இது, மதில் இல்லை என்று. தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்மேல் கேஸ் இல்லை. குதிரையும் உயிரோடு இருக்கிறது."

வலியுல்லா நிமிர்ந்து பார்த்தான். சுவரில் சாலையின் படம் மாட்டியிருந்தது. அறுபத்தாறு அடி அகலத்தில், இரண்டு பக்கமும் மரங்களோடு, அழகாக இருந்தது. அதில் ஒரு சின்ன வெள்ளைக் குதிரை வரையப்பட்டிருந்தது.

"மோத்தி செத்துச்சுன்னு மட்டும் எழுத முடியாதா சார்? வேற ஒண்ணியும் வாணாம்."

"மதில் இல்லாமல் முடியாதப்பா."

வலியுல்லா இரண்டாவது காகிதத்தில் கட்டைவிரலை அழுத்தினான்.

வெளியே லூர்துமேரி கூடையோடு காத்திருந்தாள். "இன்னா பாய், மோத்தி செத்துச்சா?"

"இல்லக்கா. உசுரோடதான் கீது."

அவள் அவனைப் பார்த்தாள். முந்தானையால் அவன் வாயோரத்து நுரையைத் துடைத்துவிட்டாள். வலியுல்லா முன்கட்டைகளுக்கு நடுவே நுழைந்து, வாரை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். வளைவு வந்தது. மதிலுக்கு இருபது அடி முன்னால் நின்றான். கங்காதரன் லத்தியை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"ஏன்டா நிக்கறே? மதிலு கீதா?"

வலியுல்லா பதில் சொல்லவில்லை. லாடக்காலால் தரையை இரண்டு முறை கீறினான்.